பையன் கோச் வேலைக்குப் போகிறேன் என்கிறான்

கேள்வி: நாங்கள் ஒஹாயோவில் கொலம்பஸ் பக்கம் இருக்கிறோம். சொந்த ஊர் நாமக்கல். இங்கேயே பிறந்த எங்கள் மகனுக்கு 22 வயது. விளையாட்டில் மூன்றாம் நிலையான டிவிஷன் 3ல் இருக்கும் ஒரு சிறிய கல்லூரியில் உயிரியல் முடிக்கப் போகிறான். அடுத்து பிசிக்கல் தெரபி படிப்பு என்றுதான் வீட்டில் பேசி வைத்திருந்தோம். கல்லூரி ஃபுட்பால் அணியில் சேஃப்டியாக ஆடினான். மூன்றாம் ஆண்டில் முழங்கால் போனது. கடைசி ஆண்டு முழுக்கக் கோச்சுக்கு ஒத்தாசையாக மைதான ஓரத்திலேயே நின்றான். இப்போது பக்கத்து மாநிலத்தில் ஒரு டிவிஷன் 2 பல்கலைக்கழகம் டிஃபென்சிவ் பேக்ஸ் பிரிவுக்கு கிராஜுவேட் அசிஸ்டன்ட்டாக அவனைக் கூப்பிடுகிறது. மாஸ்டர்ஸுக்குக் கட்டணம் இல்லை. மாதம் கைக்கு வருவது வாடகைக்கே பற்றாது. “படித்துவிட்டுப் பந்து பொறுக்கப் போகிறான்” என்று அவன் அப்பா இரண்டு வாரமாகப் பேசுவதில்லை. ஊரிலிருந்து மாமியார், “பி.டி. வாத்தியார் வேலைக்கா அங்கே வைத்துப் படிக்க வைத்தீர்கள்?” என்கிறார். இது ஒரு வேலையா? தடுப்பதா, விடுவதா?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் மாமியாரின் கேள்வியை முடித்துவிடுகிறேன், அதுதான் சுலபம். ஃபுட்பால் என்றதும் அவர் காலால் உதைக்கும் பந்தைத்தான் நினைப்பார், இது கையால் எறிந்து பிடிக்கும் அமெரிக்க ஃபுட்பால். அதையெல்லாம் போனில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். “உங்கள் பேரன் யுனிவர்சிட்டியில் வேலை பார்த்துக்கொண்டே மேல்படிப்புப் படிக்கிறான், ஃபீஸ் கிடையாது” என்று சொல்லுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு வேறு பக்கம் போய்விடும். சொன்னதில் பொய்யும் இல்லை.

உங்களுக்கும் உங்கள் வீட்டுக்காரருக்கும் இவ்வளவு போதாது. நான் 18 ஆண்டுகள் ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையில் மாணவ வீரர்களுக்குப் படிப்பு ஆலோசகராக இருந்தேன். என் அறைக்கு நேர் எதிரே டிஃபென்சிவ் பேக்ஸ் கூடும் அறை. அத்தனை ஆண்டுகளில் அந்த அறைக்கு ஏழு பயிற்சியாளர்கள் வந்து போனார்கள். கதவில் பெயர்ப் பலகையை மாற்ற வருகிறவர் மட்டும் கடைசிவரை ஒரே ஆள்தான். நான் சொல்லப் போவது எல்லாம் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தது.

அந்தப் பிரிவின் வேலை என்ன என்பது மகன் ஆடியதால் உங்களுக்குத் தெரியும். உங்கள் கணவருக்காகச் சொல்கிறேன். எதிரணி தூக்கி எறியும் பந்து அவர்களுடைய ரிசீவரின் கைக்குப் போய்ச் சேராமல் காப்பவர்கள்தான் டிஃபென்சிவ் பேக்ஸ். ஓரங்களில் இரண்டு கார்னர்பேக், பின்னால் இரண்டு சேஃப்டி, இப்போதெல்லாம் பெரும்பாலான நேரம் ஐந்தாவதாக ஒரு நிக்கல். எங்கே திரும்பப் போகிறோம் என்பது ரிசீவருக்குத் தெரியும், கார்னர்பேக்குக்குத் தெரியாது. அவன் முன்னால் ஓடி வருகிறான், இவன் அவனைப் பார்த்தபடியே பின்னால் ஓட வேண்டும். அவன் திரும்புகிற கணத்தில் இடுப்பைத் திருப்பி அவனோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அரை நொடி பிந்தினால் கதை முடிந்தது. பந்து வரும்போது சட்டையைப் பிடித்து இழுத்தால் நடுவரின் மஞ்சள் துணி விழும். கல்லூரி விதியில் அதற்கு அதிகபட்சத் தண்டனை 15 கெஜம். தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் தவறு நடந்த இடத்துக்கே பந்து போய்விடும், அது 40 கெஜமானாலும் சரி. அதனால் “கடந்து போய்விட்டானா, பிடித்து இழுத்துவிடு, 15 கெஜத்தோடு போகும்” என்று காதோடு சொல்லித் தரும் கல்லூரி கோச்களும் உண்டு.

இழுக்காமல் ஆடப் பழக்குவதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஆகஸ்ட் மாதக் காலை, புல்லில் ஈரம் காய்ந்திருக்காது. கார்னர்பேக்குகளின் இரண்டு கையிலும் ஆளுக்கு இரண்டு டென்னிஸ் பந்தைக் கொடுத்து இறுக மூடிக்கொள்ளச் சொல்வார்கள். கை மூடியிருந்தால் எதையும் பிடிக்க முடியாது, காலையும் இடுப்பையும் வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் அந்தப் பந்துகளை எண்ணிப் பையில் போடுவது ஜி.ஏ., அதாவது உங்கள் மகன் போகவிருக்கும் வேலையில் இருப்பவன். “பந்து பொறுக்கப் போகிறான்” என்று அவன் அப்பா சொன்னதில் தப்பொன்றும் இல்லை.

ஆனால் எதிர் அறையில் நான் பார்த்த ஒரு ஜி.ஏ.வைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கார்னர்பேக் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஓரடி பிந்திக்கொண்டே இருந்தான். கோச் கத்தினார், அவனும் இன்னும் வேகமாக ஓடிப் பார்த்தான், பலனில்லை. இந்த ஜி.ஏ. புல்லில் குப்புறப் படுத்து அவன் பாதத்தை மட்டும் போனில் படம் பிடித்தான். பின்னால் போக வேண்டிய பையன், தொடங்குவதற்கு முன் இடது பாதத்தைக் கொஞ்சம் முன்னால் வைத்துவிட்டுத்தான் பின்னால் போகிறான். ஒரு வார்த்தை பேசாமல் அதை மூன்று முறை ஓட்டிக் காட்டினான். நான்காவது முறைக்குமுன் அந்தக் கார்னர்பேக் தானே சிரித்துவிட்டான். இந்த மாதிரி எதையாவது பார்த்ததாக உங்கள் மகன் சாப்பாட்டு மேசையில் சொன்னதுண்டா? யோசித்துப் பாருங்கள். அவனுக்கு இந்த வேலை பிடித்திருக்கிறதா, ஆட முடியாமல் போன ஏக்கம் இன்னும் விடவில்லையா என்பதை அதை வைத்துத்தான் நான் எடைபோடுவேன். இரண்டும் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும். ஏக்கம் மட்டும் இருப்பவர்கள் இரண்டாவது சீசனைத் தாண்டுவதில்லை.

இந்தப் பிரிவுக்கே உரிய ஒரு சங்கடமும் இருக்கிறது. முன்வரிசையில் மோதுகிறவன் செய்யும் பிழை ஆள் குவியலுக்கு அடியில் போய்விடும். கார்னர்பேக்கின் பிழை பட்டப்பகலில் தனியாக நிற்கும். உங்கள் ஊர் ஒஹாயோ ஸ்டேடியத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உட்காரலாம். அத்தனை பேரும் பார்க்க, பெரிய திரையில் மூன்று தடவை ஓடும். அடுத்த 30 நொடியில் அந்த 19 வயதுப் பையன் அதே ரிசீவருக்கு எதிரே மறுபடி போய் நிற்க வேண்டும். அவனை அப்படி நிறுத்துவதுதான் டிபி கோச்சின், அதாவது டிஃபென்சிவ் பேக்ஸ் கோச்சின் வேலை. பிறகு திங்கட்கிழமை, அந்தப் பிழைக்கு அவர் தன் பெயரைக் கொடுத்துப் பதில் சொல்ல வேண்டும்.

இதற்கு உங்கள் ஊரிலேயே ஒரு வாழ்க்கை இருக்கிறது: கெர்ரி கூம்ஸ். ஒஹாயோவில் ஃபுட்பால் பார்ப்பவர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சின்சினாட்டி பக்கம் கொலெரெய்ன் உயர்நிலைப் பள்ளியில் 1991 முதல் 2006 வரை தலைமைப் பயிற்சியாளர். 2004ல் மாநிலப் பட்டம் வென்றார். ஆக, நாற்பது வயதைத் தாண்டியும் அவர் பள்ளிக்கூடத்து கோச்தான். 2007ல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்துக்கு டிஃபென்சிவ் பேக்ஸ் கோச்சாகப் போனார். 2012ல் உங்கள் கொலம்பஸின் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகம். அங்கே அவர் கையில் வளர்ந்த கார்னர்பேக்குகளைப் பாருங்கள்: பிராட்லி ரோபி, ஈலை ஆப்பிள், கேரியன் கான்லி, மார்ஷான் லாட்டிமோர், டென்சல் வார்ட். ஐந்து பேரும் 2014 முதல் 2018 வரை, என்எஃப்எல் அணிகள் கல்லூரி வீரர்களை எடுக்கும் ஆண்டுத் தேர்வின் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டவர்கள். அதற்கு அப்புறம் அவர் என்எஃப்எல்லில் டென்னஸி டைட்டன்ஸ் அணிக்குப் போய் இரண்டு ஆண்டு இருந்தார். 2020ல் ஒஹாயோ ஸ்டேட் அவரைத் திரும்ப அழைத்துத் தற்காப்பு முழுவதற்கும் பொறுப்பாளர் ஆக்கியது. அந்த சீசனில் அணி தேசிய இறுதி ஆட்டம் வரை போய் அலபாமாவிடம் 52–24 என்று தோற்றது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் கொலம்பஸிலேயே ஓரிகனிடம் 35–28 தோல்வி. அதோடு ஆட்டத்தின்போது தற்காப்பு உத்தியை அழைக்கும் பொறுப்பு அவர் கையை விட்டுப் போனது. சீசன் முடிந்ததும் மறுபடி சின்சினாட்டிக்கே போனார், பந்தை உதைக்கும் நேரங்களில் இறங்கும் சிறப்பு ஆட்டப் பிரிவைப் பார்த்துக்கொள்ள.

பெரிய பதவி கைக்கு வந்து, இரண்டாவது சீசனின் தொடக்கத்திலேயே நழுவியது. அந்த ஐந்து பையன்களுக்குச் சொல்லித் தந்தவரும் அவர்தான். எனக்கு அவர் கதையில் பிடித்தது, திரும்பிப் போய் இன்னொரு வேலையைத் தொடங்கியதுதான். உங்கள் மகனுக்கு இதில் பிடித்தது எது, பயமாக இருப்பது எது என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்பதைவிட நீங்கள் கேட்டால் உண்மை வரும்.

அவன் உங்களிடம் வேறு பெயர்களை, தலைமைப் பயிற்சியாளர்களாகப் புகழ்பெற்றவர்களின் பெயர்களைச் சொல்லியிருப்பான். நிக் சேபன், கிர்பி ஸ்மார்ட், மைக் டாம்லின், மூவருமே ஒரு காலத்தில் கல்லூரிகளில் டிஃபென்சிவ் பேக்ஸ் கோச்சாக இருந்தவர்கள்தான். இந்த அறையிலிருந்து மேலே போகிறவர்கள் அதிகம் என்பதற்குக் காரணம் உண்டு. பின்னால் நிற்பவனுக்கு முன்னால் நிற்கும் எல்லாருடைய வேலையும் தெரிந்தால்தான் சரியாக நிற்க முடியும், அதைச் சொல்லித் தருபவருக்கு இன்னும் தெரிய வேண்டும். சரி, ஆனால் சேபனின் கதையையே முழுசாகக் கேளுங்கள். அவர் 1973ல் ஒஹாயோவின் கென்ட் ஸ்டேட்டில் இதே கிராஜுவேட் அசிஸ்டன்ட் வேலையில்தான் சேர்ந்தார், அதுவும் மனைவிக்குப் படிப்பு இன்னும் மீதி இருந்ததால். முதன்முதலாகத் தலைமைப் பயிற்சியாளர் ஆனது 1990ல், டோலிடோவில். நடுவில் 17 ஆண்டு. கென்ட், சிரக்யூஸ், வெஸ்ட் வர்ஜினியா, கொலம்பஸ், நேவி, மிச்சிகன் ஸ்டேட், ஹூஸ்டன் என்று ஏழு இடம். அதில் 1980, 81 இரண்டு சீசன் உங்கள் கொலம்பஸில் டிபி கோச், பிறகு வேலையை விட்டு அனுப்பினார்கள். பின்னால் ஏழு தேசியப் பட்டம் வென்ற மனிதரைத்தான் சொல்கிறேன். அவருக்கே அப்படி. வழியில் நின்றுவிட்டவர்களின் பெயர்கள் உங்கள் மகனுக்கும் தெரியாது, எனக்கும் ஏழெட்டுதான் தெரியும்.

இனி, அவன் வாரம் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். சனிக்கிழமை ஆட்டம். ஞாயிறு காலை முதல் அந்த ஆட்டத்தின் வீடியோவைப் பார்த்து ஒவ்வொருவனுக்கும் ஒவ்வொரு நகர்வுக்கும் மதிப்பெண். அன்றைக்கே அடுத்த எதிரணியின் பழைய ஆட்டங்களை வெட்டி அடுக்க வேண்டும். எத்தனையாவது முயற்சி, எத்தனை கெஜம் பாக்கி, பந்து எந்தக் கோட்டில் இருந்தது, ரிசீவர்கள் எப்படி நின்றார்கள். கோடு எதற்கு என்று கேட்பீர்கள். மைதானத்தின் நடுவில் இருக்கும் இரண்டு வரிசைக் குறிகளுக்கு இடையே என்எஃப்எல்லில் பதினெட்டரை அடிதான், கல்லூரியில் 40 அடி. பந்து ஒரு பக்கத்துக் குறியில் இருந்தால் மறுபக்கம் பெரிய பொட்டல் வெளி கிடக்கும். கல்லூரிச் சேஃப்டியின் பாதிக் கவலை அந்த வெளிதான். இதையெல்லாம் கணினியில் குறித்துவைப்பது ஜி.ஏ. எதிரணியின் ஆட்ட உத்திகளைப் பெரிய அட்டைகளில் படமாக வரைந்து, பயிற்சியின்போது தூக்கிக் காட்டுவதும் ஜி.ஏ. சீசனில் மாணவ வீரர்களை வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் விதி இருக்கிறது. கோச்சுக்கு அப்படி எந்த விதியும் இல்லை. நடுவில் மாஸ்டர்ஸ் வகுப்பு வேறு. எதிர் அறை ஜி.ஏ.க்கள் என் அறை சோபாவில் தூங்கி எழுந்து வகுப்புக்குப் போனதுண்டு.

இதைப் படிக்கும் மற்றப் பெற்றோருக்கு இடையில் ஒரு வார்த்தை. பிள்ளை எஃப்-1 விசாவில் இருந்தால் கணக்கே வேறு. கல்லூரி நடக்கும் நாட்களில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது. இந்த வேலை 20 மணி நேரத்தில் அடங்காது. முதலில் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

ஜி.ஏ. காலம் முடிந்து முழு கோச் ஆனால் வேலையின் மறுபாதி தொடங்கும்: ஆள் சேர்ப்பு. 16, 17 வயதுப் பையன்களுக்கு இரவு ஒன்பது மணிக்கு மெசேஜ், அவர்கள் அம்மாவிடம் பேச்சு, பாட்டி வீட்டில் சாப்பாடு. முன்பெல்லாம் பிப்ரவரியில் கையெழுத்து வாங்கினால் நான்கு ஆண்டு நிம்மதி. 2017லிருந்து டிசம்பரிலேயே கையெழுத்து. 2018ல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. அதில் பெயரைப் போட்டுவிட்டுப் பையன் வேறு கல்லூரிக்குப் போய்விடலாம். இப்போது பெரிய கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கின்றன. அதனால் சேர்த்தவனைத் தக்கவைப்பதும் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் செய்ய வேண்டிய வேலை ஆகிவிட்டது. 2024 ஜனவரியில் சேபன் ஓய்வுபெற்றதும் அலபாமாவின் சேஃப்டி கேலப் டவுன்ஸ் சில நாட்களில் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு வந்துசேர்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கொலம்பஸில் அன்று கொண்டாடினார்கள். அலபாமாவில் அவனுக்குச் சொல்லித் தந்தவர் அன்றைக்கு என்ன செய்தார் என்று நான் நினைத்துக்கொண்டேன். பேசிப் பழகத் தெரியாத பையன் என்றால் இந்தத் தொழிலில் கஷ்டம். உங்கள் மகன் எப்படி?

பணம். பெரிய கல்லூரி லீகுகளான எஸ்இசி, பிக் டென் அணிகளில் டிபி கோச்சின் ஆண்டுச் சம்பளம் லட்சக்கணக்கான டாலர். தற்காப்பு முழுவதற்கும் பொறுப்பாளர் என்றால் மில்லியனைத் தாண்டுகிறார்கள். பொதுப் பல்கலைக்கழகங்களின் ஒப்பந்தங்கள் வெளிப்படை ஆவணம் என்பதால் இதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உங்கள் மகனும் பார்த்திருப்பான். அவன் பார்க்காதது கீழ்ப்படிகள். டிவிஷன் 2, 3 கல்லூரிகளில் உதவிப் பயிற்சியாளர் பலருக்கு ஒரு பள்ளி ஆசிரியரின் சம்பளம்கூட இல்லை. சிலர் அதே கல்லூரியில் உடற்பயிற்சிக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள், சிலர் வகுப்பு எடுக்கிறார்கள். கீழே இருப்பவனுக்குக் குறைவாகக் கொடுப்பது இந்தத் துறையில் பழைய வழக்கம். கூடைப்பந்து போன்ற விளையாட்டுகளில் கடைசிப் படி உதவிப் பயிற்சியாளருக்கு ஆண்டுக்கு 16,000 டாலருக்கு மேல் தரக் கூடாது என்று 1990களில் என்சிஏஏவே விதி போட்டது. பயிற்சியாளர்கள் வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். 1999ல் 54.5 மில்லியன் டாலர் கொடுத்து அதை முடித்துக்கொண்டது. ஒரு நல்ல செய்தியும் உண்டு. மைதானத்தில் இறங்கிச் சொல்லித் தருபவர்களின் எண்ணிக்கைக்கு மேல்மட்டத்தில் இருந்த வரம்பை 2024ல் எடுத்துவிட்டார்கள். தலைமைப் பயிற்சியாளர், பத்து உதவியாளர்கள், சில ஜி.ஏ.க்கள் தவிர மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்ற நிலை போய்விட்டது. இளையவர்கள் நுழைய இடம் கொஞ்சம் கூடியிருக்கிறது.

இனி உங்கள் கணவர் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய விஷயம். தலைமைப் பயிற்சியாளரை நீக்கினால் பெரும்பாலும் அவருடைய உதவியாளர்கள் மொத்தமாகப் போவார்கள். புதியவர் தன் ஆட்களோடு வருவார். ஒரு நவம்பர் ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு ஃபைலை எடுக்க அலுவலகம் போயிருந்தேன். எதிர் அறையில் எங்கள் டிபி கோச் தரையில் உட்கார்ந்து அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். அவருடைய கார்னர்பேக்குகள் அந்த ஆண்டு நன்றாக ஆடியவர்கள், அவர் மேல் குற்றமே இல்லை. பந்து எறியும் பையன் சரியில்லாததால் அணி தோற்றது. அவருடைய மகளுக்கு எட்டு வயது, அது அவளுக்கு நான்காவது பள்ளி. “டேப் கிடைக்குமா?” என்று மட்டும் கேட்டார். கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, ஒரு பையனின் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பரீட்சை என்றைக்கு என்று விசாரித்தார். ஏப்ரலில் வேறு மாநிலத்தில் வேலை கிடைத்துவிட்டது. நடுவில் ஐந்து மாதம் அவர் மனைவியின் நர்ஸ் சம்பளத்தில் வீடு ஓடியது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவன் தன் ஊரைத் தானே தேர்ந்தெடுக்க முடியாது. நவம்பரில் கல்யாணம் காட்சி என்றால் வர முடியாது. தீபாவளிக்கு வருவான் என்று எதிர்பார்க்காதீர்கள், அது சீசனின் நடுவில் வரும். இதையெல்லாம் அவனிடம் மிரட்டலாகச் சொல்லாமல் விசாரிப்பாகச் சொல்லுங்கள்.

நம்மவர்களுக்கு ஒரு கூடுதல் சிரமம், ஆள் பழக்கம் இல்லாதது. இந்தத் துறையில் வேலை விளம்பரம் வரும் முன்னரே பெரும்பாலும் ஆள் முடிவாகியிருக்கும். அப்பா கோச், மாமா கோச், அண்ணன் கூட ஆடியவன் கோச் என்று ஒரு சுற்றத்துக்குள்ளேயே ஓடும். நம் ஊரில் சில தொழில்கள் ஓடுகிற மாதிரிதான். அமெரிக்கன் ஃபுட்பால் கோச்சஸ் அசோசியேஷன் ஒவ்வொரு ஜனவரியும் ஒரு மாநாடு நடத்துகிறது. உள்ளே நடக்கும் பேச்சுகளைவிட ஹோட்டல் வரவேற்பறையில் நடக்கும் கைகுலுக்கல்தான் அங்கே முக்கியம். உங்கள் மகனுக்கு அந்தச் சுற்றத்தில் இப்போது ஒரே ஓர் ஆள், அவனுடைய கல்லூரி கோச். இந்த வாய்ப்பும் அவர் போட்ட போனில்தான் வந்திருக்கும். அது சின்ன விஷயம் இல்லை, அந்த மனிதர் தன் பெயரைப் பணயம் வைத்திருக்கிறார். “நம் முகத்துக்கு அங்கே இடமிருக்கிறதா” என்ற கவலையும் உங்கள் கடிதத்தில் மறைந்திருப்பதாக எனக்குப் படுகிறது. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த சஞ்சய் லால் என்பவர் ரெய்டர்ஸ், ஜெட்ஸ், கவ்பாய்ஸ், சீஹாக்ஸ் என்று பல என்எஃப்எல் அணிகளில் ரிசீவர்களுக்குப் பயிற்சி தந்திருக்கிறார். ஆள் குறைவு, வழி இருக்கிறது.

என் கருத்தைக் கேட்டால், விடுங்கள். இரண்டு ஆண்டுக்கு.

காரணம், இதைச் சோதித்துப் பார்க்க அவனுக்கு இதைவிட மலிவான வயது வராது. கடன் வாங்காமல் ஒரு மாஸ்டர்ஸ் கிடைக்கிறது. 26 வயது வரை உங்கள் மருத்துவக் காப்பீட்டிலேயே அவன் இருக்கலாம், 24ல் திரும்பி வந்தாலும் பிசிக்கல் தெரபி படிப்பு அங்கேயேதான் இருக்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள். சில கல்லூரிகள் அறிவியல் முன்தேவைப் பாடங்கள் படித்து இத்தனை ஆண்டுக்குள் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். அவன் மனதில் வைத்திருக்கும் நான்கைந்து கல்லூரிகளின் விதியை இப்போதே பார்த்து எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

நீங்கள் அழுத்திப் பேச வேண்டிய இடம் வேறு. போவதா வேண்டாமா என்பதில் அவன் உங்களை ஜெயித்துவிடுவான், ஜெயிக்கட்டும். எந்த மாஸ்டர்ஸ் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஜி.ஏ.க்கள் பலரும் நேரம் குறைவாகக் கேட்கும் படிப்பு எது என்று பார்த்து அதில் உட்கார்ந்துவிடுவார்கள். என் முன்னால் உட்கார்ந்த பையன்களிடம் நான் நேரடியாகவே சொல்வேன்: அந்தக் காகிதத்தை வைத்து நாளைக்கு வேலை கேட்க முடியாது. உயிரியல் படித்தவனுக்கு இரண்டு நல்ல வழி உண்டு. ஒன்று உடலின் அசைவைப் படிக்கும் கினிசியாலஜி, அது பிசிக்கல் தெரபிக்கும் உதவும், கார்னர்பேக்கின் இடுப்புக்கும் உதவும். இன்னொன்று, ஆசிரியர் உரிமத்தோடு முடியும் கல்வியியல் மாஸ்டர்ஸ். அறிவியல் ஆசிரியருக்கு எல்லா மாநிலத்திலும் தேவை இருக்கிறது. பள்ளியில் பாடமும் எடுத்து அணியையும் பார்த்துக்கொள்பவனுக்கு வேலை உறுதி, பென்ஷன் உண்டு. டெக்ஸாஸில் பெரிய பள்ளிகளின் தலைமைப் பயிற்சியாளர் சிலர் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் வாங்குகிறார்கள். கூம்ஸ் 16 ஆண்டு இருந்தது அந்த மாதிரி இடத்தில்தான். கல்லூரி கிடைக்காததால் பள்ளி என்று யாரும் அவரை நினைக்கவில்லை.

கையெழுத்துப் போடும் முன் அவன் அங்கே சில கேள்விகள் கேட்க வேண்டும், கூச்சப்படக் கூடாது. கட்டணம் முழுதுமா, கோடைக்காலப் பாடங்களுக்கும் சேர்த்தா? தங்க இடம், சாப்பாடு உண்டா? தலைமைப் பயிற்சியாளர் நடுவில் போய்விட்டால் இரண்டாம் ஆண்டுக் கட்டணச் சலுகை நிற்குமா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் எழுத்தில் வேண்டும். அப்புறம், அவனுக்கு முன் இதே இடத்தில் இருந்த இரண்டு ஜி.ஏ.க்கள் இப்போது எங்கே என்று கேட்கச் சொல்லுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் யோசிக்கலாம். வாடகைக்குக் குறைவதை நீங்கள் கொடுப்பதானால் மாதம் இவ்வளவு, 24 மாதம் என்று சொல்லிக் கொடுங்கள். கேட்கும்போதெல்லாம் கொடுத்தால் உங்களுக்குள் சண்டை, அவனுக்கும் குற்ற உணர்ச்சி.

உங்கள் கணவருக்கு ஒரு வேண்டுகோள். பேசாமல் இருப்பதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, ஒரு மாலை அவனோடு உட்கார்ந்து அவன் ஆடிய ஆட்டம் ஒன்றின் வீடியோவைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். டிவியில் வருவது வேண்டாம், அதில் கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். கோச்கள் பார்க்கிற, 22 பேரும் தெரியும் காட்சி. பந்து எறிவதற்கு முன் நிறுத்தி, “இப்போது எங்கே போகும்?” என்று கேளுங்கள். ஏன் என்று அவன் சொல்வதைக் கேளுங்கள். அரை மணி போதும். அதற்கு மேல் அவன் நிறுத்தமாட்டான் என்பதையும் எச்சரித்துவிடுகிறேன்.

போகும் முன் அந்த முழங்காலை ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஆகஸ்டில் தினமும் மூன்று மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும், பையன்களுக்கு எதிரே ரிசீவர் மாதிரி ஓடிக் காட்டச் சொல்லி கோச் இவனைத்தான் கூப்பிடுவார். இவனும் முடியாது என்று சொல்லமாட்டான்.